பட்டணத்து மாப்பிள்ளை

அடுத்த மாதம் ரெஜினாவோடு கல்யாணம். அதற்குள் அவள் தன்னை மரக்காணத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு வரவழைத்து ஒரு கிறிஸ்துமஸ் காதல் படத்தை எதற்குப் போட்டுக் காட்டுகிறாள் என்று பெலிக்ஸுக்கு விளங்கவில்லை. சென்னையில் வங்கி வேலையில் இருப்பவனுக்கு அந்தப் படம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பண்டிகைக்கு ஊருக்கு வந்த நாயகி, அங்கே கிறிஸ்துமஸ் மரம் விற்கும் பழைய நண்பனைப் பார்த்ததும் பட்டணத்து மாப்பிள்ளையைக் கழற்றிவிட்டாள். ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு பாலகுருவும் உட்கார்ந்து பார்த்தான். சொந்தமாக உப்பளம் வைத்திருப்பவன். மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை இல்லை; நாள் முழுக்க ஊரிலேயே இருக்கிறான். அதுதான் பெலிக்ஸுக்கு உதைத்தது.

"படம் எப்படிங்க?" என்றாள் ரெஜினா.

"பனி நல்லாருக்குது, பாட்டும் நல்லாருக்குது. ஆனா அந்த மாப்பிள்ளை என்ன தப்பு பண்ணான்? ஏர்போர்ட்ல பொட்டி தூக்குனான், அவ்ளோதானே?"

"அதான் சார் படத்துல வீக்கு," என்றான் பாலகுரு, முறுக்கைக் கடித்தபடி. "பாவம், நல்ல மனுசன்."

அந்தப் பாவம் யாருக்கு என்று பெலிக்ஸ் அவனை உற்றுப் பார்த்தான்.

"எனக்கு வேற குறை தெரியுது," என்றாள் ரெஜினா. "அவ ஒரே நாள்ல முடிவு எடுத்துட்டா. நானா இருந்தா ஒரு மாசமாவது நிதானமா யோசிப்பேன்."

பெலிக்ஸ் வாசலுக்குப் போய், மரக்காணம் பக்கம் எந்தக் கிளையிலாவது இடம் காலியா என்று மேலாளரிடம் போனில் கேட்டான்.