தொராகிச்சியின் நிழல் சோறு

கடலுக்குப் போன தொராகிச்சியின் சோறு பதினோரு வருடம் ஆறவில்லை. எங்கள் குரோசே மீன்பிடித் துறையில் இதை யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். எங்களுக்கு அரிசி ஒன்று, பெயர் பல. வயலில் நின்றால் இனே, மூட்டையில் இருந்தால் கோமே, விருந்தாளிக்கு வைத்தால் கோஹான், வீட்டு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் மேஷி. பெயர் மாறினால் பண்டமும் மாறிவிடும் என்பதால் நாக்கை அடக்கித்தான் பரிமாறுவோம். பயணம் போனவனுக்காக அவன் இடத்தில் மூடிவைப்பது நிழல் சோறு. மூடியின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். செத்தவனுக்கு அவனுடைய கிண்ணத்திலேயே குவித்து, நடுவில் சாப்பாட்டுக் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்திவைப்பது தலைமாட்டுச் சோறு. இரண்டும் ஒரே பானையில் வெந்ததுதான்.

தைஷோ பேரரசர் பட்டத்துக்கு வந்த ஆறாம் ஆண்டு, பனி விடாத மாதத்தில், தொராகிச்சியோடு சேர்த்து ஐந்து பேர் போன படகு திரும்பவில்லை. அந்த ஐவரில் ஒருவனான யோஹெய் வழக்கம்போலக் கடைசியாக ஓடிவந்து, படகு நகர்ந்த பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஏறிக்கொண்டான். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மனிதன் அவன். ஏழாம் நாள் படகின் பெயர் எழுதிய பலகை மட்டும் கரை ஒதுங்கியது. நான்கு வீடுகளில் தலைமாட்டுச் சோறு வைத்து, கிண்ணத்தை வாசலில் போட்டு உடைத்தார்கள். முதலில் உடைத்தவள் யோஹெய்யின் மனைவி மசு. தொராகிச்சியின் மனைவி ஷினோ மட்டும் மூடியைத் திறந்து பார்த்தாள். வியர்த்திருந்தது. முந்தின நாள் சோறு கையைச் சுட்டது.

அதன்பின் அவள் தினமும் பழைய சோற்றைத் தான் தின்றுவிட்டுப் புதிதாக வைத்தாள். குடத்துத் தண்ணீர் உறைந்த வருடத்திலும் அந்தக் கிண்ணத்தில் ஆவி வந்தது. தெருப் பூனைகள் அதைச் சுற்றித்தான் குளிர்காலத்தைக் கழித்தன. கோயில் குரு இரண்டு முறை வந்து விரலைச் சுட்டுக்கொண்டு போனார். ஊரில் யாருக்கும் இதில் குறையில்லை, மசுவைத் தவிர. தொராகிச்சி உயிரோடு இருந்தால் யோஹெய்யும் அந்த ஏழாம் நாள் உயிரோடு இருந்திருக்கலாம். அப்படியென்றால் அவனைக் கொன்றது கடல் அல்ல, அவசரப்பட்டுத் தலைமாட்டுச் சோறு என்று பெயர் சொன்ன அவளுடைய வாய். பதினோரு வருடம் இந்த நினைப்பு அவளைத் தின்றது. அவள் ஒருவேளைகூட வயிறாரத் தின்னவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

ஒருநாள் காலை அவள் குச்சிகளோடு ஷினோவின் வீட்டுக்குள் நுழைந்தாள். மரச்செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நகருடி. இன்னைக்கு இதுக்குத் தலைமாட்டுச் சோறுன்னு பேரு வச்சுட்டுத்தான் போவேன்."

"அக்கா, செருப்போட வந்திருக்கீங்க."

"வந்தா என்ன? உம் புருஷன் மட்டும் என்ன ஒசத்தி? ரெண்டு பேரும் ஒரே படகுதானே!"

மூடியை எறிந்தாள். குச்சிகளின் நுனி சோற்றுக்கு நூலிழை மேலே நின்றது. குத்தி, பெயரும் சொல்லிவிட்டால், தொராகிச்சி எங்கே இருந்தாலும் அங்கேயே முடிந்துபோவான். ஷினோ கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கையில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"மசு அக்கா, மேஷி!" என்று கூப்பிட்டாள். "ஆறுறதுக்குள்ள உக்காந்து சாப்பிடுங்க."

மேஷி என்று சொன்னதும் அது வெறும் சோறாகிவிட்டது. தொராகிச்சிக்கு அன்று நிழல் சோறு இல்லாமல் போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். மசு செருப்பைக் கழற்றினாள். பிறகு உட்கார்ந்து, குத்த வந்த குச்சிகளாலேயே, அழுதுகொண்டே கடைசிப் பருக்கை வரை தின்றாள். பாதியிலேயே சோறு ஆறிவிட்டது.

ஷினோ கிண்ணத்தைக் கழுவிப் புதிதாக வைத்து மூடினாள். விருந்தாளிக் கிண்ணம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "இது யோஹெய் அண்ணனோட நிழல் சோறு" என்றாள். மறுநாள் தொராகிச்சியின் மூடியைத் திறக்க அவள் கை வரவில்லை, மசுதான் திறந்தாள். வியர்த்திருந்தது. யோஹெய்யின் மூடி காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் காய்ந்தே கிடந்தது. நான்காம் நாள் அதன் உட்பக்கம் ஒரே ஒரு துளி நின்றது.

"பாத்தியா," என்றாள் மசு, மூக்கைச் சிந்திக்கொண்டே. "இந்த ஆளு எதுக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கான்?"