மூன்றாவது எலி

வெர்னா ப்ரூயிட்டின் கையில் சாப்பிடாத பாம்பு என்று இதுவரை ஒன்று இருந்ததில்லை. டேட்டன் நகரத்தில் பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு வெர்னாவே சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள். முகத்தைத் திருப்பிக்கொள்வது பிள்ளையானாலும் பாம்பானாலும் மிரட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது, நேரம் பார்த்து நீட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. பட்டினி கிடக்கிற மலைப்பாம்பைக் கொண்டுவந்து அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் அதை எலி விழுங்க வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அப்படிப் பதினொன்று போயாகிவிட்டது. ஒன்றுக்குக்கூட அவள் கண் கலங்கியதில்லை.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் பிஸ்கட். நாலடி நீளம், காப்பி நிறத்தில் பழுப்புத் திட்டுகள், கை பட்டால் பந்தாகச் சுருண்டுகொள்கிற ஜாதி. அதை வளர்த்த ராய்ஸ் ஹட்சன்ஸ் கூரை வேலைக்காரன். அக்டோபரில் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கும் அவன் தம்பி டுவைட் தலையில் அது வந்து விழுந்தது. விழுந்த நாளிலிருந்து பிஸ்கட் வாயைத் திறக்கவில்லை. நவம்பரில் டுவைட் அதை ஒரு தலையணை உறையில் கட்டி, கையை முடிந்த மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு வெர்னா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் ஒரு பாம்பை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அந்த வட்டாரத்தில் இது எழுதாத சட்டம். வெர்னா அதைச் சொன்னதும் டுவைட் தானாக ஒரு நிபந்தனை போட்டான்.

"மூணு தடவை வந்து பாக்கறேன் மேடம். மூணாவது தடவையும் திங்கலைன்னா நீங்களே வச்சுக்குங்க. அண்ணனோடது எங்கிட்ட இருந்து செத்துச்சுன்னு இருக்க வேண்டாம்."

"மேடம்னு கூப்பிடாதே தம்பி. பள்ளிக்கூடத்துல புகார் குடுக்க வந்தவங்கதான் அப்படிக் கூப்பிடுவாங்க," என்றாள் வெர்னா. நிபந்தனைக்கு மட்டும் தலையை ஆட்டினாள்.

ஜனவரியில் டுவைட் வந்து பார்க்க முதல் எலி. பிஸ்கட் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டாவது. முகரக்கூட இல்லை. குளிர்காலத்தில் இந்த ஜாதி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், உடம்பு இளைக்காதவரை பயமில்லை. வெர்னா சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுத்துக்கொண்டுதான் இருந்தாள், பிஸ்கட்டின் எடை கொஞ்சமும் இறங்கவில்லை. ஆகையால் அவள் கவலைப்படவில்லை. கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. காலையில் அவள் காப்பியோடு உட்காரும் நேரத்தில் பிஸ்கட் குகையை விட்டு வெளியே வந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அவள் கை பட்டால் சுருளுவதை நிறுத்திவிட்டது. ஐம்பத்து நாலு வயதில், பதினொன்றை வழியனுப்பியவளுக்கு, இந்த ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டது. விட மனசில்லை, அவ்வளவுதான்.

டுவைட் மூன்றாவது தடவை வர வேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, பிஸ்கட்டின் கண்ணில் பால் கலந்த நீலம் படர்ந்தது. வயிறு இளஞ்சிவப்பாகிவிட்டது. தோல் உரிக்கப் போகிறது. வெர்னா ஈரப்பாசி அடைத்த டப்பா ஒன்றைத் தொட்டிக்குள் வைத்தாள். வியாழக்கிழமை கண் பளிச்சென்று தெளிந்துவிட்டது. புதிதாகப் பாம்பு வளர்க்கிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கண் தெளிந்துவிட்டது, தோல் சமாச்சாரம் முடிந்துவிட்டது என்று நினைத்து எலியை நீட்டுவார்கள். உண்மையில் தோல் கழல இன்னும் மூன்று நாலு நாள் கிடக்கும். அதுவரை பாம்பு தின்னாது. இதை வெர்னா நூறு பேருக்காவது சொல்லிக் கொடுத்திருப்பாள், பாதிப் பேரைத் திட்டியும் இருப்பாள்.

சனிக்கிழமை டுவைட் வந்து, பாம்பு தின்னாமல், அது அவளுக்கே ஆகிவிட வேண்டுமென்றால் அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவளோடு சமையலறையில் வேலை பார்க்கும் நாடீனுக்கும் மூன்று பாம்புகள் உண்டு. வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே வெர்னா அவளிடம் சொன்னாள்.

"போனைப் போட்டு, அடுத்த வாரம் வாப்பான்னு சொல்லு," என்றாள் நாடீன்.

"சொல்லலாம்."

"சொல்ல மாட்டே. மூஞ்சியிலேயே எழுதியிருக்கு."

"நான் ஒண்ணும் பொய் சொல்லப் போறதில்லையே."

"ஆமா, நீ பெரிய பாதிரியார். அந்தத் தட்டை எடு."

வெர்னா போன் செய்யவில்லை. அன்றைக்கு ராத்திரி உறைய வைத்திருந்த செத்த எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக வைத்தாள். காலையில் அதைப் பையோடு வெந்நீரில் போட்டாள். பத்து மணிக்கு டுவைட் பூட்ஸில் அப்பியிருந்த பனியை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தான். கையில் கடையில் வாங்கிய இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டி, அக்குளில் புத்தம்புது பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் வரிசையாக ஓட்டை போட்டிருந்தான். அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் வெர்னாவுக்கு என்னவோ போல் ஆனது.

"தோல் உரிக்கற நேரத்துல திங்காதுன்னு எங்கயோ படிச்சேன்," என்றான் டுவைட். "இப்ப அந்த நேரம் ஒண்ணும் இல்லையே?"

நேருக்கு நேர் கேட்டுவிட்டான். வெர்னா எலியின் தலையை ஹேர் ட்ரையரில் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தாமலே சொன்னாள்.

"கண்ணைப் பாரு தம்பி. மப்பு ஏதாச்சும் தெரியுதா?"

அவன் குனிந்து, இரண்டடி தள்ளி நின்றே பார்த்தான். "இல்லை. சுத்தமா இருக்கு."

"அப்புறம் என்ன?"

நீண்ட இடுக்கியில் எலியைப் பிடித்து அவள் தொட்டிக்குள் இறக்கினாள். இது தின்னாது என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஒரு நிமிடம் ஆட்டுவோம், உதட்டைப் பிதுக்குவோம், காப்பி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைப்போம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

பிஸ்கட் ஈரப்பாசி டப்பாவிலிருந்து தலையை நீட்டியது. நாக்கு இரண்டு தடவை வந்து போனது. அதன் பிறகு நடந்ததைப் பார்க்கக் கண்ணுக்கு அவகாசமில்லை. இடுக்கி குலுங்கியது. எலி பிஸ்கட்டின் மூன்று சுற்றுக்குள் இருந்தது.

டுவைட் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "தின்னுது."

"தின்னுது," என்றாள் வெர்னா.

இருபது வருடம் ஊருக்கே பாடம் நடத்தியவள் வெறும் இடுக்கியைப் பிடித்தபடி நின்றாள். பிஸ்கட் சுற்றைத் தளர்த்தி, எலியின் மூக்கைத் தேடிப் பிடித்து, தலையிலிருந்து விழுங்கத் தொடங்கியது. டுவைட் ஓரடி முன்னால் வந்தான். பிறகு இன்னும் ஓரடி. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணன் இந்தத் தோல் நேரம் அது இதெல்லாம் பாக்கவே மாட்டான். சனிக்கிழமைன்னா அதுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான்."

எலியின் வால் உள்ளே போனதும் அவன் பெட்டியைத் திறந்தான். "இப்ப எடுத்துக்கலாமா?"

இப்போதும் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். வயிறு நிறைந்த பாம்பை இரண்டு நாளைக்குத் தொடக் கூடாது. தொட்டால் கக்கிவிடும். உரிக்கிற சமயத்தில் குளிரில் வண்டியில் போனால் தோலும் துண்டு துண்டாகப் பிய்யும், பிறகு பாம்பு இவளிடமே திரும்பி வரும். வெர்னா பெட்டியின் மூடியை எடுத்துத் தானே சாத்தினாள்.

"ரெண்டு நாள் தொடக் கூடாது. அதோட, தோல் வேற உரிக்கப் போகுது."

"இப்பதானே இல்லைன்னீங்க?"

"இல்லைன்னு சொல்லலை. கண்ணைப் பாருன்னேன். கண்ணு தெளிஞ்ச அப்புறந்தான் தோல் கழலும். திங்காதுன்னு தெரிஞ்சுதான் நீட்டினேன்."

டுவைட் பெட்டியைக் கீழே வைத்தான். "எதுக்கு?"

"எனக்கு வேணும். அதான்."

அவன் அவளைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். கோபப்படுவான் என்று வெர்னா காத்திருந்தாள். கோபப்பட்டால் நியாயம் என்றும் நினைத்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அது உங்களையே ஏமாத்திருச்சே அக்கா," என்றான். "காப்பி இருக்கா?"

செவ்வாய்க்கிழமை அவன் வந்தபோது தோல் ஈரப்பாசி மேல் ஒரே உறையாகக் கிடந்தது. வெர்னா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை மூடியிருந்த இரண்டு தோல் வில்லையும் அதோடு கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தாள். பிஸ்கட்டைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிஸ்கட் சுருளவில்லை. அது வெர்னாவுக்கு வலித்தது.

பெட்டியை வண்டியின் முன் இருக்கையில் வைத்து, இருக்கை வாரையும் மாட்டிவிட்டு டுவைட் திரும்பினான். "எங்கிட்ட வந்து திங்கலைன்னா? அதே நிபந்தனை வச்சுக்கலாமா? மூணு தடவை பாக்கறேன், அப்புறம் உங்களுக்கு."

பனிக்காற்றில் வெர்னா ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் போதும், அடுத்த தோல் உரிப்பதற்குள் பாம்பு இவள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

"கண்ணுல மப்பு தட்டினா சாப்பாட்டை நிறுத்து. கண்ணு தெளிஞ்சாலும் நம்பாதே. தோல் முழுசா உன் கைக்கு வரட்டும், அப்புறம் எலியைக் காட்டு. தலையை நல்லாச் சூடாக்கு, ஆறிப்போனதை நீட்டாதே."

"ஆனா இது தோலோடவே தின்னுச்சே அக்கா."

"அது ஒரு தடவை. நீ அதை நம்பி உட்காராதே."

"நீங்க சொன்னபடியெல்லாம் செஞ்சும் திங்கலைன்னா?"

"திங்கும்," என்றாள் வெர்னா. வண்டி தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தாள், பிறகு உள்ளே போய்த் தொட்டியின் விளக்கை அணைத்தாள்.