கத்திரிப்பூ நிறத் தண்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் விதைக் கம்பெனியின் பாரிவாக்கம் வயலில் எல்லோருக்கும் தெரியும். புது நெல் ரகம் உருவாக்குவது என் வேலை. ஒன்பது வருடம் இனக்கலப்புச் செய்து, தேறியதை மட்டும் வைத்து, மற்றதைக் கழித்து நான் வளர்த்த நாற்பத்தேழாம் எண் நெல், விளைச்சலில் முதலிடத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்துவிட்டால் அடுத்த சாகுபடிப் பட்டத்தில் விவசாயிகள் கைக்குப் போகும். வீட்டில் என் கணவர் இக்னேஷியஸ் அதை 'நம்ம மூணாவது பிள்ளை' என்றுதான் சொல்வார்.

எந்தப் பாத்தியில் எந்த நெல் என்று அறுக்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டோம். சொன்னால் வேண்டிய நெல் பக்கம் கை சாயும். அட்டையில் குலுக்கிப் போட்ட எண் மட்டும் இருக்கும். நடுவில் வரிசையாகப் பத்துக் குத்துப் பயிர் அறுத்து எடை போட வேண்டும். வரப்போரத்துக் குத்தும், பக்கத்தில் நாற்று செத்த குத்தும் இடம் கிடைத்துக் கொழுத்துவிடும். அந்தக் கொழுப்பு நெல்லின் குணம் இல்லை.

வியாழக்கிழமை காலை கடைசி அறுவடை. மூன்று பட்டமாக மாதிரி அறுக்கும் நாகம்மாக்கா ஒரு குத்தை அறுத்துவிட்டு, நான்கைத் தாண்டிப் போய் அடுத்ததைப் பிடித்தார்.

"என்னக்கா, வரிசையா அறுக்காம தாண்டிப் போறீங்க?"

நிமிர்ந்து சிரித்தார். "உங்க நெல்லாச்சே அருளம்மா! நல்ல குத்தா பாத்து அறுத்துகினு கீறேன். நாத்து செத்த எடத்தாண்ட கீறது எப்டி கொழுத்துகினு கீது பாருங்கோ."

"என் நெல்லுன்னு யாரு சொன்னது?"

"சொல்லணுமா இன்னா? அடித்தண்டு கத்திரிப்பூ கலரு. இந்தக் கயனில வேற எதுக்கு அப்டி கீது? மூணு வாட்டியும் அப்டிதான் அறுத்தேன். எம் பொண்ணு தாட்சாயிணிய காலேஜில சேத்துவுட்டது நீங்கோ. நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன், சொல்லுங்கோ?"

திட்ட வாய் வரவில்லை. அந்த நிறம் தாய் நெல்லிடமிருந்து வந்தது. எண்ணைக் குலுக்கி ஒளித்த மகராசி எனக்கு, செடியே காட்டிக்கொடுக்கும் என்று ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

அரிவாளை வாங்கி நானே நடு வரிசைகளை அறுத்தேன். சாயங்காலம் ஈரம் கழித்து எடை போட்டால், ஊரில் எல்லோரும் போடும் பழைய ரகத்தைவிட என் நெல் ஒரு கைப்பிடிகூட அதிகமில்லை. தராசு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறைத்திருக்கலாம். நாகம்மாக்கா வாயைத் திறக்கிறவர் இல்லை. ஆனால் எந்த விவசாயியாலும் வயல் முழுக்க வரப்போரமாக நட முடியாதே. நாற்பத்தேழு தேறவில்லை, மூன்று பட்டத்து எடையும் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகுதான் பூபாலன் நினைவு வந்தது. என்னோடு வேலை பார்த்தவன். முதல் பட்டத்தில் அவனுடைய முப்பத்தொன்றாம் எண் நெல் என் நெல்லிடம் மயிரிழையில் தோற்றது. கழித்தோம். மனம் விட்டுப்போய் வேலையை உதறிவிட்டு, இப்போது மாங்காட்டில் உரக்கடை வைத்திருக்கிறான். போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"உன் முப்பத்தொண்ணு தோத்துச்சுன்னு சொன்னது தப்பு பூபாலா."

"விதை இருக்காக்கா?" என்றான்.

கழித்த நெல்லை எல்லாம் போன வருடம் குளிர் அறையிலிருந்து அள்ளி மில்லுக்கு அனுப்பினோம். அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்.

"இல்லப்பா."

"ஒரு பிடிகூடவா?"

"ஒரு பிடிகூட இல்ல."

அந்தப் பக்கம் கடையில் யாரோ யூரியா கேட்டார்கள். "இருங்க அண்ணாத்தே, தரேன்" என்றான். போனை மட்டும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.