‘வாங்கு’ என்று எழுதிய ஈயக்குண்டுகள்

2023 தை மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பிளேஸ்டோவில் ஒரு மாடிக்கட்டிடத்தின் மூன்றாம் தட்டில், பதினாலாம் இலக்க வாசலுக்கு நேரே, மூன்று அடுக்குத் துடுப்புப் போட்ட பழங்காலப் போர்க்கப்பல் ஒன்று வந்து முட்டி நின்றது. நடைபாதை இருபது மீட்டர், கப்பல் முப்பத்தைந்து. எப்படி அடங்கியது என்று சனம் இரண்டு நாள் கேட்டது, பிறகு விட்டுவிட்டது. உள்ளே ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார்கள். மேல்தட்டில் கவண்காரர் எட்டுப்பேர். ஆளுக்கு மூன்று கவண்: கிட்டத்துக்கு எறிவது கையில், நடுத்தூரத்துக்கு இடுப்பில், எட்டத்துக்குத் தலையில் சுற்றியபடி.

அந்த வீட்டுக்காரர் கார்த்திகேசு. வயது எழுபத்துநாலு. மனைவி ராஜலட்சுமி பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடமாகப் படுக்கை. அவள் மற்றவர் கையால் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடமாட்டாள். கார்த்திகேசு தினமும் மத்தியானம் போய்ச் சோறும் பருப்பும் மசித்து வாயில் தீத்திவிட்டு வருவார். அன்றைக்கும் சாப்பாட்டுப் பெட்டியோடு கதவைத் திறந்தார். காதோரமாக ஒரு ஈயக்குண்டு விர்ரென்று போய்க் கதவு நிலையில் தைத்தது. இலுப்பங்கொட்டை அளவு, இரண்டு முனையும் கூர். கதவைச் சாத்தினார். பின்னேரம் திறந்தார், இன்னொன்று. அடுத்த நாள் மூன்று. மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் போய் வந்தார்கள். பக்கத்து வீட்டு மங்கைக்குத் துடுப்பைத் தூக்கி வழிகூட விட்டார்கள்.

மங்கை மலேசியாக்காரி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். கார்த்திகேசு அவளையும் நம்பியதில்லை. எண்பத்தேழாம் ஆண்டு, வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஒரு ஏஜென்சிக்காரன் “இதிலை இருங்கோ, இந்தா வாறன்” என்று சொல்லி அவரை ஒரு படகின் அடித்தட்டில் பூட்டிவிட்டுப் பதினொரு நாள் வராமல் விட்டான். அதிலிருந்து அவர் சிரித்த முகத்தைக் கண்டால் பின்னுக்கு நிற்கிற ஆள். என்றாலும் அரிசியும் மரக்கறியும் அவள்தான் கொண்டுவந்து கதவிடுக்கால் தரவேண்டியிருந்தது. குண்டில் ஏதோ எழுத்து இருக்கிறதென்று ஒன்றை அவளிடமே கொடுத்தார். அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள்.

“வாங்குன்னு போட்டிருக்கு அங்கிள். அடி வாங்குன்னு திட்டுறான்.”

“நினைச்சனான்,” என்றார் கார்த்திகேசு.

மாசி போய்ப் பங்குனி வந்தது. கட்டிட அலுவலகத்திலிருந்து அவர் பெயருக்கே கடிதம் வந்தது: பொது நடைபாதையில் தனிப்பட்ட பொருள் வைக்கக்கூடாது, பதினாலு நாளில் அகற்றவும். பதில் எழுத அவருக்கு இங்கிலிஷும் காணாது, பொறுமையும் காணாது. செவ்வாய்க்குச் செவ்வாய் இல்லத்தில் வேலை செய்கிற கோசிகா என்ற பிள்ளை தொலைபேசியில் ராஜலட்சுமியின் நிறையைச் சொல்லும். தையில் நாற்பத்தேழு கிலோ. சித்திரையில் நாற்பத்துமூன்று. ஆடியில் முப்பத்தொன்பது. அவள் பொய் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகு பொய்யாக இருக்கக்கூடாதா என்று நினைத்தார். வெளிக்கிட்டுப் பார்ப்பார், குண்டு வரும், சாத்துவார். சோறு மசித்து வைத்துவிட்டுத் தானே சாப்பிடுவார். ஒரு சாக்கு நிறையக் குண்டு சேர்ந்தது.

ஐப்பசியில் முப்பத்தாறு என்று கோசிகா சொன்னாள். அன்றைக்கு மங்கை கத்தரிக்காய் கொண்டுவந்தபோது, நல்லாய் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னாள். ஒன்பது மாதமாக எறிகிறான்கள், ஒன்றாவது அங்கிள் மேலே பட்டதா? இந்த எட்டுப்பேரும் ஈயின் கண்ணிலே அடிக்கக்கூடியவன்கள். அதோடு கப்பல் போகப் பார்க்குது, போக முடியலை. இடப்பக்கம் ஒரு ஆள் குறைவு, அதனால் அந்தப் பக்கமே சரிந்து இந்தக் கதவில் வந்து முட்டுது.

“பின்னாலேருந்து மூணாவது பெஞ்ச் காலியா கிடக்கு அங்கிள். நான் தினம் பாக்குறேன்.”

அவள் தமிழைத் திருத்துவது கார்த்திகேசுவின் பழக்கம். “பெஞ்ச் என்ன பெஞ்ச்,” என்றார். “தமிழிலை வாங்கு எண்டு சொல்லும்.”

சொல்லிவிட்டுச் சாக்கிலிருந்து ஒரு குண்டை எடுத்து எழுத்தைத் தடவினார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் பத்துப்பேர் குந்துகிற நீட்டு ஆசனத்துக்கு வாங்கு என்றுதான் பெயர். மங்கைக்கு அது தெரியாது. தெரிந்த அவர் ஒன்பது மாதம் அதைத் திட்டென்று எடுத்துக்கொண்டு உள்ளே இருந்தார்.

உடனே போய் ஏறிவிடவில்லை. மூன்று நாள் கதவுக்குப் பின்னால் நின்றார். இருக்கச் சொல்லுகிறவனை நம்பியதால் வந்த வினை அவருக்குத் தெரியும். நாலாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே வந்தார். ஒருவரும் எறியவில்லை. மூன்றாவது வாங்கில் இருந்தார். கப்பல் நடைபாதைக்குள்ளேயே திரும்பியது, ஒரு சுவரிலும் கீறல் இல்லை. கார்த்திகேசு ஒருமுறை எழும்பிப் பார்த்தார், ஏலவில்லை. பலகை அவரைப் பிடித்துக்கொண்டது. நோகவில்லை, விடவுமில்லை. நான் நினைத்தது சரிதான் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு அவரும் வலித்தார்.

லீ ஆற்றால் தேம்ஸுக்கு இறங்கி, டெப்ட்ஃபேர்ட் ஓடையால் ஏறி, முழங்கால் தண்ணீரில் லூயிஷாமுக்குப் போனார்கள். இல்லத்தின் இரண்டாம் தட்டு யன்னலுக்கும் அவருடைய வாங்குக்கும் ஒரே உயரம். கோசிகா கட்டிலை யன்னலோரம் தள்ளிவிட்டாள். கார்த்திகேசு ஒரு கையால் துடுப்பைப் பிடித்தபடி மற்றக் கையால் தீத்தினார். ராஜலட்சுமி முழுவதும் சாப்பிட்டாள். அடுத்த நாளும் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் வந்தது. மங்கை சமைத்து லீ ஆற்றங்கரையில் கொண்டுவந்து கொடுத்தாள். உறைப்புக் காணாது என்று கார்த்திகேசு குறை சொன்னபடிதான் இருந்தார். கார் விடுகிற இடம் ஈரமாகிறதென்று இல்லத்தில் ஒரு முறைப்பாடு வந்தது. மார்கழியில் நிறை நாற்பத்தொன்று.

தை பிறந்து இரண்டாம் கிழமை, கடைசி வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு ராஜலட்சுமி அவரையும் அவர் இருந்த பலகையையும் பார்த்தாள்.

“அரக்கி இருங்கோ,” என்றாள். பேச்சுப் போனபிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

வந்தால் எழும்ப ஏலாது என்று அவர் உள்ளதைச் சொன்னார். அவள் தான் கிடந்த கட்டிலைக் காட்டினாள். கார்த்திகேசு தள்ளி இடம் விட்டார். கவண்காரர் தங்கள் கவண்களை எல்லாம் முடிந்து தொட்டில்போல் கட்டி அவளை யன்னலால் இறக்கி எடுத்தார்கள். நல்ல கையால் அவளும் துடுப்பைப் பிடித்தாள். கோசிகா கட்டில் வெறுமை என்று எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அதில் கற்ஃபேர்டிலிருந்து வந்த ஒருவரைப் படுத்தினார்கள்.