நீல இடத்து மூட்டைகள்

காலை ஏழு மணிக்கு மாம்புரிச் சந்தியில் பஸ் வந்து நின்றபோது மரக்கறித் தோட்டம் செய்கிற ஹயாத்து முகம்மது மூன்று மூட்டைகளோடு ஆயத்தமாக நின்றார். இரண்டில் பீட்ரூட், ஒன்றில் பச்சை மிளகாய். பாலாவியிலிருந்து எட்டு மணிக்குப் புறப்படுகிற மரக்கறி லொறியைப் பிடித்துவிட்டால் சரக்கு அன்றைக்கே கொழும்புக்குப் போய்விடும். தவறினால் மிளகாய் மறுநாள் வரை வாடிக் கிடக்க வேண்டியதுதான்.

பஸ்ஸின் பக்கத்தில் இருந்த நீலப் பொத்தானை அவர் அமத்தினார். கதவு திறந்தது. அடியிலிருந்து ஓர் இரும்புப் பலகை மெல்ல நீண்டு வந்து தரையைத் தொட்டது. மூட்டைகளை அதன்மேல் சறுக்கி ஏற்றி, உள்ளே நீல நிறம் பூசியிருந்த வெற்றிடத்தில் அடுக்கிவிட்டு அவர் சந்தோஷமாக நிமிர்ந்தார்.

“மாஷா அல்லாஹ். மூட்டைக்கெண்டே அளவெடுத்துச் செஞ்சமாதிரி இரிக்கு” என்றார்.

சாரதி மரியநாயகம் சிரித்தார். அந்த பஸ்ஸை யார் புகழ்ந்தாலும் அவருக்குத் தன் பிள்ளையைப் புகழ்ந்த மாதிரித்தான். புகழ வேண்டிய பஸ்தான் அது. கூட்டுறவுச் சங்கத்துக் கூரையில் பதித்த தகடுகள் வெயிலைப் பிடித்துச் செய்கிற மின்சாரத்திலேயே ஓடுகிறது. புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. அடுத்த தரிப்பிடத்தின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் தானே சொல்கிறது. கதவு பூட்டாமல் ஓர் அங்குலம்கூட நகராது. இருபது வருடம் டீசல் பஸ் ஓட்டி, முன்னால் போகிறவனை முந்துவதே தொழில் தர்மம் என்றிருந்த மரியநாயகம்கூட இதில் ஏறிய பிறகு நல்ல பிள்ளையாகிவிட்டார்.

இந்தப் பெருமையில் பாதி ஹயாத்து முகம்மதுவுக்குச் சேர வேண்டியது. தோட்ட வேலையைப் போட்டுவிட்டு, இந்த பஸ்ஸைக் கேட்டு எழுதிய மனுவோடு வீடு வீடாகவும், கரையில் மீனவர் தங்கும் வாடி வாடியாகவும் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவர் அவர். “நடக்க முடியாதவர்களும் மற்றவர்களைப் போலப் பயணம் செய்ய வேண்டும்” என்று அந்த மனுவின் முதல் வரியைத் தன் கையாலேயே எழுதினார். எழுதும்போது அவர் மனதில் நின்றவள் நிஸ்மியா.

நிஸ்மியாவின் வீடு அடுத்த தரிப்பிடத்தில். ஐந்து வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டதில் கால்கள் இரண்டும் செயலிழந்து போயின. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வீதியில் வந்து கையை நீட்டினால் பழைய பஸ்காரர்கள் நிறுத்தாமலே, “அடுத்த பஸ்ஸில வாங்க, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அடுத்த பஸ் ஐந்து வருடமாக வரவேயில்லை. அவள் அழுதுகொண்டு இருக்கவுமில்லை. வீட்டிலிருந்தபடியே படித்து, சோதனை எழுதி, பாலாவியில் உப்புப் பொதி செய்யும் ஒரு தொழிலகத்தில் வேலை எடுத்துவிட்டாள். உப்பில் அயடின் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று மருந்துத் துளி விட்டு, நீலமாகிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அப்படியொரு மனவலிமை எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

முதல் மாதம் தகுதி பார்க்கிற மாதம். காலை எட்டு மணிக்கு ஆள் மேசையில் இருக்க வேண்டும், மூன்று நாள் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். நிஸ்மியா ஏற்கெனவே இரண்டு நாள் பிந்திவிட்டாள். ஏன் பிந்தினாள் என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கு பஸ் அவளுடைய தரிப்பிடத்தில் நின்றதும் அவள் நாற்காலியை உருட்டி வந்து நீலப் பொத்தானை அமத்தினாள். கதவு திறந்தது. பலகை வரவில்லை. “மன்னிக்கவும். சக்கர நாற்காலிக்குரிய இடம் நிரம்பியுள்ளது” என்று பஸ் தூய தமிழில் பணிவாகச் சொன்னது. பிறகு சிங்களத்திலும் சொன்னது.

மரியநாயகம் எட்டிப் பார்த்தார். “இண்டைக்கும் அப்பிடித்தான் சொல்லுதா? எனக்கொண்டும் செய்யேலாது, பிள்ள. உள்ளுக்குப் பாரம் இருந்தா பலகை இறங்காது. ஒரு மணித்தியாலத்தில மற்ற பஸ் வரும்.”

“அதில போனா ஒம்பது மணியாகும், அண்ணன். இண்டைக்கும் பிந்தினா வேலை போயிடும்.”

முன் ஆசனத்திலிருந்த ஹயாத்து முகம்மது உச்சுக் கொட்டினார். “என்ன மெஷினப்பா இது. நம்மட பிள்ளையையே ஏத்த மாட்டேங்குது. ஒருவேளை பழுதாகிட்டோ?”

இந்த பஸ்ஸைக் கொண்டுவந்தவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தில்தான் நிஸ்மியா முந்திய இரண்டு நாளும் இதே மூட்டைகளைக் கண்டும் வாயைத் திறக்காமல் இருந்தாள். மூன்றாம் நாளும் பேசாமலிருந்தால் மிஞ்சப்போவது மரியாதை மட்டும்தான்.

“பஸ் பழுதாகல்ல, மாமா” என்றாள். குரல் உயரவில்லை. “அது உள்ளதத்தான் சொல்லுது. என்ட இடத்தில ஆரோ இரிக்காங்களாம். ஆரெண்டு நீங்களே திரும்பிப் பாருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். நீலத் தரையில் வரைந்திருந்த வெள்ளைச் சக்கர நாற்காலியின் மேல் அவருடைய மூன்று மூட்டைகளும் சொகுசாக உட்கார்ந்திருந்தன. ஆட்களோடு சரக்கும் பஸ்ஸில் போவது இந்தக் கரையின் நெடுநாள் வழக்கம். பழைய பஸ்ஸில் இன்ஜின் பெட்டியின் மேல் போடுவார்கள். இதில் அந்தப் பெட்டி இல்லையென்பதால் வெறுமையாகக் கண்ட இடத்தில் போட்டார். அது வெறுமையான இடமல்ல, அவளுக்காக வைத்திருந்த இடம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்களே, அந்தப் பூசாரி தான்தான் என்று தெரிந்ததும் அவர் வெட்கத்தில் குன்றிப்போனார்.

“மரியநாயகம், மூட்டைய நடுவால வச்சா?”

“நடக்கிற வழிய மறிச்சா பஸ் நகராது, நாநா. அதுக்கும் ஒரு கண் இரிக்கு.”

பின்னாலிருந்து யாரோ நேரம் போகிறதென்று முணுமுணுத்தார்கள். ஹயாத்து முகம்மது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கினால் லொறி இல்லை. மிளகாய் வாடும். அவர் இடுப்புச் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாகப் படியால் இறக்கி வீதியோரத்தில் வைத்தார். மரியநாயகமும் வந்து ஒரு கை கொடுத்தார்.

“மாமா, ஒங்கட லொறி?”

“லொறி நாளைக்கும் வரும். நீ ஏறு, மகள்.”

இந்த முறை பொத்தானை அமத்தியதும் பலகை நீண்டு வந்தது. நிஸ்மியா யாருடைய உதவியுமில்லாமல் தானே உருட்டி ஏறினாள். பஸ் சத்தமில்லாமல் புறப்பட்டது. எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க அவள் தன் மேசையில் இருந்தாள். அவள் விட்ட முதல் துளியில் உப்பு நல்ல நீலமாக மாறியது.

அதற்குள் வீதியோரத்தில் மிஹ்லார் வந்து நின்றான். அவனும் தோட்டக்காரன்தான். அடுத்த பஸ்ஸில் ஏற்றுவதற்கு இரண்டு மூட்டை கொண்டு வந்திருந்தான்.

“என்ன நாநா, நீங்க கொண்டுவந்த பஸ் ஒங்களையே இறக்கிவிட்டுட்டுப் போயிட்டா?”

“அது இறக்கல்ல. நானாத்தான் இறங்கினன்” என்றார் ஹயாத்து முகம்மது. “ஒன்ட மூட்டையையும் இங்கால வை. நாலு தோட்டக்காரர் சேர்ந்து சின்ன லொறி ஒண்டு புடிப்பம்.”

“பஸ் இரிக்கக்குள்ள லொறி என்னத்துக்கு? அதில சும்மா கிடக்கிற இடந்தானே?”

“சும்மா கிடக்கல்ல, தம்பி. நடக்கேலாதவங்கட பேரைச் சொல்லித்தான் அந்த பஸ்ஸக் கேட்டு வாங்கினம். அவங்கட பேரில வாங்கிட்டு அவங்கட இடத்தில நம்மட சாமான வச்சா அதுக்குப் பேர் களவு. பலகைய மெஷின் இறக்கும். இடத்த மனிசன்தான் விடணும்.”