எலும்பை எண்ணும் அம்மா

எங்கள் அம்மா சந்திரிகாவுக்குக் கோபம் வந்தால் ஒரே வசனம்தான்: "எலும்ப எண்ணிடுவேன்." ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலும் அதுதான், பாலைப் பொங்கவிட்டாலும் அதுதான். மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககம் முழுக்க அது பிரசித்தம்.

தேனாம்பேட்டையில் என் தம்பி சக்திவேலுக்கு ஸ்கேன் எடுத்த நாளோடு அந்த வசனம் நின்றுபோனது. சக்திக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சில் சளி கெட்டியாகக் கட்டும். மாத்திரையோடு சாப்பிட்டால்தான் சாப்பாடு உடம்பில் ஒட்டும். இப்போது பத்தொன்பது வயதில் எலும்பும் வலு குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த நோயில் அது வரக்கூடியதுதான், வைட்டமின் டி போடட்டும், வெயிலில் நடக்கட்டும், படி ஏறட்டும் என்றும் சொன்னார். அம்மா காதில் "குறைஞ்சிருக்கு" மட்டும்தான் விழுந்தது.

அன்றிலிருந்து சக்திக்கு லிஃப்ட்தான், ஆட்டோதான். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால்கூட அம்மா ஓடி வந்தாள். பெயர் வைத்தபோது இருந்த தைரியம் எங்கே போனதோ.

அவன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டான். "இருக்கட்டும்ப்பா, நான் எடுத்துக்கறேன்" என்றாள். சோபாவில் போட்டான். டிவி மேல் போட்டான். கடைசியில் சாமி அலமாரி முன்னாலேயே போட்டான். அம்மா சத்தமில்லாமல் எடுத்துப்போனாள்.

அன்று சாயங்காலம் பால்கனியில் என்னிடம் கேட்டான். "பாரதிக்கா, உண்மைய சொல்லு. டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?"

"ஏன்டா?"

"சாமி முன்னாடி துண்டு போட்டேன். அதுக்கும் திட்டல. நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேனா?"

 லூசு என்று திட்டி, அப்படியெல்லாம் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாத்திரை போடாமல் தோசையில் கை வைத்தான்.

"கைய எடு. மாத்திரை போடாம சாப்ட்டே, எலும்ப எண்ணிடுவேன்" என்றேன்.

அம்மாவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. "என்ன பேச்சுடி பேசற?"

"புதுசா என்ன எண்ணப் போறே?" என்றான் சக்தி. "அதான் தேனாம்பேட்டைல மிஷினே எண்ணிடுச்சே."

"நீ திட்டாததால, சாகப்போறோம்னு நெனச்சிட்டிருக்கான்மா" என்றேன்.

அம்மா அவனையே பார்த்தாள். கல்லில் தோசை கருகியது. உள்ளே போய், அவன் காலையில் கட்டிலில் போட்டிருந்த துண்டை எடுத்து வந்து அவன் மடியில் வீசினாள்.

"மாத்திரையப் போட்டு ஒழுங்கா சாப்ட்டு முடி. அப்புறம் மொட்டை மாடில கொண்டுபோய் இதக் காயப்போடு. லிஃப்ட்ல ஏறினே..."  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எலும்ப எண்ணிடுவேன்."

சக்தி மூன்று தோசை சாப்பிட்டான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். இருமலும் சிரிப்புமாக அவன் சத்தம் மேலே போனது.

அம்மா வாசலுக்கு ஓடி, "மெதுவாடா" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அதுவும் திட்டுதான்" என்றாள்.