சாட்சிக் கூண்டும் சமையல் மாஸ்டரும்

போடிநாயக்கனூரில் ஜமீன் காலத்துக் கச்சேரிக் கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. வழக்காடியவர்கள் போய், வழக்குக் கட்டுகள் போய், வௌவால்கள் மட்டும் வாய்தா வாங்கிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தை 1976இல் சுருளிவேல் வாடகைக்குப் பிடித்து ஓட்டல் வைத்தார். கட்டடக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பழைய கட்டடம், ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. சுருளிவேலும் தலையாட்டிவிட்டார். கூடத்தின் நட்டநடுவில் நிற்கும் சாட்சிக் கூண்டும் அதில் சேர்த்தி என்பது சாமான் இறக்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இடுப்புயரத் தேக்கங்கட்டைக் கூண்டு. தரையோடு காரை போட்டு இறுக்கியிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் மேடையில் கல்லாப்பெட்டி, லாக்கப்பில் அடுப்படி, குமாஸ்தா அறையில் ஆட்டுக்கல் என்று மற்றதெல்லாம் பொருந்திப்போயிற்று. கூண்டுக்குத்தான் சோலி இல்லை. பரிமாறுகிற சோணை சாம்பார் வாளியோடு தினம் ஒரு தடவை அதில் முட்டிக்கொண்டு, ஜமீன் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவான்.

ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளில் ஓட்டலில் நிற்க இடமிருக்காது. அப்படி ஒரு நாள் தரகர் காசிராஜன் வேறு வழியில்லாமல் கூண்டுக்குள் நின்று காப்பி குடித்தார். பாதி டம்ளர் காலியானதும், யாரும் கேட்காமலே, "போன வருசத்துக் காயை இந்த மூடையில கலந்துட்டேன்ப்பா" என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுவாரம் ஒரு ஜீப்பு டிரைவர் அதற்குள் நின்று வடை தின்றான். குரங்கணி மலையிலிருந்து இறக்கிவரும் லோடில் தினம் இரண்டு படி காப்பிக்கொட்டையைத் தன் வீட்டில் இறக்குவதைச் சொல்லி ஓவென்று அழுதான்.

கூண்டில் நிற்கிறவனை எட்டு மேசையும் நிமிர்ந்து பார்க்கும். அத்தனை கண்ணுக்கு முன்னால் வாய் உளறத்தானே செய்யும்? இதைச் சொன்னால் கேட்க ஊரில் ஒரு ஆள் கிடையாது. கட்டையிலேயே சத்தியம் ஊறியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதன் பிறகு யாருக்கு யார்மேல் சந்தேகமோ, "வா மாப்ளே, கூண்டுல ஒரு காப்பி சாப்பிடுவோம்" என்று தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார்கள். பங்காளிகள் வந்தார்கள், சம்பந்திகள் வந்தார்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையோடு வந்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

சுருளிவேல் மட்டும் அதற்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. துடைப்பதற்குக்கூட வெளியே நின்று, குச்சியில் துணியைக் கட்டித்தான் துடைப்பார். காரணம் இருந்தது. ஊர் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டது. அவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேடையில் இருந்தபடியே, "இன்னைக்குக் குழம்பு நம்ம கைப்பக்குவம்" என்பார். லாக்கப்பில் வெந்ததெல்லாம் அவர் மனைவி அன்னக்கொடி ஆக்கியது. மாஸ்டர் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். ஆனாலும் அந்தப் பெயர் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது என்கிற அளவுக்கு அதில் அவருக்கு ருசி தட்டியிருந்தது.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. அப்போதுதான் சிலமலையிலிருந்து மலைச்சாமி வந்தார். மகள் கல்யாணம், ஆயிரத்து இருநூறு இலை. ஓட்டலுக்கு வருகிற முதல் கல்யாண ஆர்டர். சுருளிவேல் 'கல்யாணச் சமையல் மாஸ்டர்' என்று பலகையே எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"எல்லாஞ் சரி மாப்ளே" என்றார் மலைச்சாமி. "வெத்தலை பாக்கு கை மாறுறதுக்கு முந்தி, கூண்டுல நின்னு ஒரு காப்பி சாப்பிட்டுருங்க. ஊர் வழக்கம்ல?"

சுருளிவேல் பலகையைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். மாட்டேன் என்றால் ஆர்டர் போச்சு. உள்ளே போனால் மாஸ்டர் பட்டம் போச்சு. போனார். காப்பியை நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டுக் குடித்தார். காப்பி ஆறி, ஆடை கட்டியது. முதல் மேசையில் இருந்தவர் இட்லி தின்று எழுந்து, அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்து அவரும் எழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து டம்ளர் காலியானது.

"எனக்குச் சமைக்கத் தெரியாது" என்றார் சுருளிவேல். "ஆக்குறது பூராம் அன்னக்கொடி."

"அது போடிக்கே தெரியுமே மாப்ளே" என்றார் மலைச்சாமி. "நான் கேக்க வந்தது கடலெண்ணெயா பாமாயிலான்னு."

எட்டு மேசையும் ஆமாம் என்று தலையாட்டியது. சோணைகூட வாளியோடு ஆட்டினான். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் மாஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

எண்ணெய்க்குச் சாட்சி சொல்ல அன்னக்கொடியைக் கூப்பிட்டார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கூண்டில் ஏறினாள்.

"கடலெண்ணெய்தான்" என்றாள். வாய் அதோடு நிற்கவில்லை. "ஆயிரத்து இருநூறு இலைக்கும் ஆக்குறேன். ஆனா மொதப் பந்தியில நான் உக்காந்து திங்கணும். இந்த ஓட்டல் வச்ச நாள்லருந்து ஒரு வாய் உக்காந்து தின்னதில்ல."

மலைச்சாமி வெற்றிலை பாக்கை அவள் கையிலேயே கொடுத்தார். "தாராளமா உக்காரு ஆத்தா. ஏன் மாப்ளே, ஆத்தாளுக்குப் புடிச்சது என்ன? ரெண்டு கரண்டி கூடுதலா வைப்போம்."

"பாயசம்" என்றார் சுருளிவேல், வெளியே நின்றபடி, வெடுக்கென்று.

"உள்ள நின்னு சொல்லுங்க" என்றார் மலைச்சாமி.

ஓர் ஆள் நிற்கும் இடத்தில் புருசனும் பொண்டாட்டியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். காசிராஜனுக்குச் சீனி கூடாது, டிரைவருக்கு வடை ஊற வேண்டும், தபால்காரருக்குச் சட்னி தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். ஊரில் ஒவ்வொரு நாக்கும் அவருக்கு அத்துப்படி.

"தெரியலையே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு என்னதான் புடிக்கும்?"

அவள் தயங்கினாள். நிற்கிற இடம் அப்படி, தப்பிக்க வழியில்லை.

"பஸ் ஸ்டாண்டு ஜக்கையன் கடைப் புரோட்டா."

சோணை வாளியைத் தரையில் வைத்துவிட்டான். ஜக்கையன் போட்டிக் கடைக்காரன். அவன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று சுருளிவேல் பஸ்சுக்கே வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர்.

"சால்னாவோட" என்றாள் அன்னக்கொடி, இன்னும் மெதுவாக.

சுருளிவேல் அவளை முதல் மேசையில் உட்கார்த்தினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, நடுத்தெரு வழியாக ஊரே பார்க்க நடந்தார். கல்லுக்கு முன்னால் நின்ற ஜக்கையன் அவரைக் கண்டதும் மாவை அப்படியே போட்டுவிட்டான்.

"என்ன மாஸ்டரு, இங்கிட்டு? யாருக்குப் புரோட்டா?"

அங்கே கூண்டு இல்லை, நிமிர்ந்து பார்க்கும் எட்டு மேசையும் இல்லை. வாயில் வந்த எதையும் சொல்லியிருக்கலாம்.

"நான் மாஸ்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் சுருளிவேல். "எம் பொண்டாட்டிக்கு. வெரசாக் குடுப்பா, அவ உக்காந்திருக்கா."